கல்யாணப் பெண்ணே, முதலில் பாஸ்போர்ட்டை எடு!

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை பக்கம் கல்யாண சீசனில் மண்டபத்துக்குப் போனால், "மாப்பிள்ளை எங்கே இருக்கார்?" என்ற கேள்விக்கு டல்லாஸ், நியூஜெர்சி, டொராண்டோ, துபாய் என்று பதில் வருவது சாதாரணமாகிவிட்டது. புடவை, நகை, கேட்டரிங், மெஹந்தி என்று எல்லாவற்றுக்கும் லிஸ்ட் போடுகிறார்கள். பெண்ணின் பெயர் எத்தனை காகிதத்தில் எத்தனை விதமாக இருக்கிறது என்று மட்டும் யாரும் பார்ப்பதில்லை. விசா ஃபாரம் நிரப்ப உட்காரும் ராத்திரியில்தான் அது தெரியவரும். அப்போது மாப்பிள்ளை அங்கே, பெண் இங்கே, இருவருக்கும் நடுவில் ஒரு எழுத்து.

என் தங்கைக்கும் அவளுடைய தோழிகளுக்கும் இந்தக் காகித வேலைகளை உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தவள் என்ற உரிமையில் சொல்கிறேன்.

கவிதா என்று ஒரு பெண்ணை உதாரணத்துக்கு வைத்துக்கொள். அப்பா பெயர் செல்வராஜ். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் 'கவிதா எஸ்'. ஆதாரில் 'எஸ். கவிதா'. பான் கார்டில் 'கவிதா செல்வராஜ்', ஏனென்றால் பான் விண்ணப்பத்தில் வெறும் இனிஷியலை ஏற்க மாட்டார்கள். காலேஜ் முடித்ததும் அவசரமாக எடுத்த பாஸ்போர்ட்டில் பெயர் 'கவிதா' மட்டும், சர்நேம் கட்டம் காலி. கல்யாணப் பத்திரிகையில் நியூமராலஜிக்காரர் சொன்னபடி கடைசியில் இன்னொரு 'ஏ' சேர்ந்திருக்கிறது. நமக்கு இது ஒரே பெண். கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் வெளிநாட்டு அதிகாரிக்கு ஐந்து பேர்.

எதை வைத்து எதைத் திருத்துவது என்பதில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். வெளிநாடு போகும் பெண்ணுக்கு அடித்தளம் பாஸ்போர்ட்தான். விசா, விமான டிக்கெட், அங்கே இறங்கியதும் கிடைக்கும் ஒவ்வொரு அட்டையும் அதிலிருந்துதான் பிறக்கிறது. அதனால் கல்யாணம் நிச்சயமானதுமே அதைத் திறந்து நான்கு விஷயம் பார். சர்நேம் கட்டத்தில் ஏதாவது இருக்கிறதா? உன் பெயரின் ஸ்பெல்லிங் மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா? கடைசிப் பக்கத்தில் அப்பா, அம்மா பெயர் சரியா? செல்லுபடி எவ்வளவு நாள் பாக்கி?

அப்பா பெயரைத் தனியாகக் கவனிக்கச் சொல்கிறேன். நம் ஊரில் பெண்ணின் சர்நேம் என்பது பெரும்பாலும் அப்பாவின் பெயர்தான். அவர் பெயர் அவருடைய ஆதாரில் 'செல்வராஜ்', உன் பாஸ்போர்ட்டில் 'செல்வராஜு' என்று இருந்தால் பிரச்னை அவருடையதல்ல, உன்னுடையது. 'த'வுக்கு 'டி' மட்டுமா, 'டி எச்'சா? 'ழ'வுக்கு 'இசட் எச்'சா, வெறும் 'எல்'லா? வீட்டில் இருக்கும் எல்லாக் காகிதத்தையும் தரையில் பரப்பி, ஒரு பேனாவை வைத்து எழுத்து எழுத்தாகத் தொட்டுப் பார். மேலோட்டமாகப் பார்த்து 'எல்லாம் நம்ம பேருதானே' என்று கடந்துபோகாதே.

சர்நேம் காலியாக இருந்தால்

இதுதான் நம் பெண்களை அதிகம் படுத்தும் விஷயம். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால், அமெரிக்க விசாவில் அந்தப் பெயர் சர்நேம் இடத்துக்குப் போய்விடும். முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'எஃப்என்யூ' என்று அச்சாகும். முதல் பெயர் தெரியவில்லை என்று பொருள். அங்கே போய் இறங்கிய பிறகு லைசென்ஸ் ஆபீசில் ஒருவர் 'எஃப்என்யூ'வை நிஜப் பெயராக எடுத்துக்கொள்வார், பேங்கில் இன்னொருவர் காலியாக விடுவார், ஆஸ்பத்திரியில் மூன்றாமவர் உன் பெயரை இரண்டு முறை போடுவார். ஒன்றோடொன்று பொருந்தாத அட்டைகள் இப்படித்தான் உருவாகின்றன.

வளைகுடாவிலும் இது உண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களை விசிட், டூரிஸ்ட் விசாவில் அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. பாஸ்போர்ட்டின் இன்னொரு பக்கத்தில் அப்பா பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது. ரெசிடென்ட் விசாக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஆனால் புதுசாகக் கல்யாணமான பெண், கணவனின் ஸ்பான்சர் காகிதம் வருமுன் முதலில் விசிட் விசாவில்தானே போகிறாள்!

கையில் அவகாசம் இருந்தால், விசாவுக்குப் போடுமுன் பாஸ்போர்ட்டை ரீ-இஷ்யூவுக்குக் கொடுத்து, அப்பா பெயரைச் சர்நேமாகச் சேர்த்துவிடு. சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்குக் கட்டணம் 1,500 ரூபாய், தத்காலில் மேலும் 2,000. உன் வகைக்கு என்ன காகிதம் தேவை என்பதை பாஸ்போர்ட் சேவா தளத்தில் 'டாக்குமென்ட் அட்வைசர்' என்ற பகுதியில் பார்த்துக்கொள். பக்கத்து வீட்டு ஆன்ட்டிக்கு நாலு வருஷம் முன்னால் என்ன கேட்டார்கள் என்பது உனக்குப் பொருந்தாது. தென்சென்னைக்காரர்களுக்கு தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரா பக்கத்திலேயே இருப்பது வசதி.

போலீஸ் வெரிஃபிகேஷன் விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. ஆதாரில் அப்பா வீட்டு முகவரி, குரோம்பேட்டை. நீ இருப்பது முடிச்சூரில் மாமியார் வீட்டில் என்று வைத்துக்கொள். குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து ஆள் வரும்போது நீ அங்கே இல்லாவிட்டால் அறிக்கை சரியில்லாமல் போகும், பாஸ்போர்ட் தேங்கும். எங்கே தங்கியிருக்கிறாயோ அந்த முகவரியைப் போடு. அல்லது வெரிஃபிகேஷன் முடியும்வரை அம்மா வீட்டில் இரு. அம்மாவும் சந்தோஷப்படுவாள்.

கணவர் பெயரைச் சேர்க்கவேண்டுமா?

இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். என் பதில்: பெயரை மாற்றாதே. கல்யாணமானதும் பெயர் மாற்றியே தீரவேண்டும் என்று இந்தியாவில் எந்தச் சட்டமும் இல்லை. டிபென்டென்ட் விசா கொடுக்கும் அமெரிக்கத் தூதரகமும் உங்கள் இருவருக்கும் ஒரே சர்நேம் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியது மேரேஜ் சர்டிஃபிகேட்.

அப்படியே மாற்றினாலும் நம் பெயர் முறையில் கணக்கு சரிப்படாது. மாப்பிள்ளை பிரபாகரன், அவருடைய அப்பா முருகேசன் என்று வைத்துக்கொள். அவர் பாஸ்போர்ட்டில் சர்நேம் 'முருகேசன்'. ஆபீசில் அவரை எல்லோரும் மிஸ்டர் முருகேசன் என்கிறார்கள். நீ ஆசையாக 'கவிதா பிரபாகரன்' என்று மாற்றினால், சர்நேம் இப்போதும் அவருடையதோடு ஒத்துப்போகாது. ஒத்துப்போக வேண்டுமென்று 'கவிதா முருகேசன்' ஆனால், நம் ஊரில் நீ மாமனாருக்கு மகளாகவோ மனைவியாகவோ ஆகிவிடுகிறாய்! இந்தக் கூத்துக்காக மார்க் ஷீட், டிகிரி, பான், பேங்க், பி.எஃப். எல்லாவற்றையும் கிளறுவானேன்?

கணவர் பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கட்டும் என்று வீட்டில் பிரியப்பட்டால், கடைசிப் பக்கத்தில் அதற்கென்றே ஒரு இடம் இருக்கிறது. உன் பெயரைத் தொடாமல் அதை மட்டும் சேர்க்கலாம். மேரேஜ் சர்டிஃபிகேட் போதும். அது இல்லாவிட்டால் இருவரும் சேர்ந்து எடுத்த போட்டோ ஒட்டிக் கையெழுத்திட்ட 'அனெக்சர் ஜே' உறுதிமொழி. ஆனால் இன்டர்வியூ தேதி கையில் இருக்கும்போது இதற்காக பாஸ்போர்ட்டைக் கொடுக்காதே. அந்த இடம் காலியாக இருந்தாலும் விசா வரும்.

பெயரை ஏற்கெனவே மாற்றிவிட்டாய் என்றால் பரவாயில்லை. விசா விண்ணப்பமான டிஎஸ்-160-ல் 'வேறு பெயர்கள் பயன்படுத்தியிருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும். அங்கே பழைய பெயரைத் தவறாமல் எழுது. மறைக்க அதில் ஒன்றும் இல்லை, எழுதாமல் விட்டால்தான் சந்தேகம்.

மேரேஜ் சர்டிஃபிகேட்

தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லா மதத்தவரும் திருமணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்யவேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். பதிவுத்துறையின் இணையதளத்தில் விண்ணப்பித்துவிட்டு சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகவேண்டும். அங்கே டைப் ஆகும் பெயர்தான் விசா அதிகாரி கண்ணில் படப்போகிறது. ஆகவே விண்ணப்பத்தை ஏஜென்ட்டிடம் விட்டாலும், இருவருடைய பாஸ்போர்ட்டையும் முன்னால் வைத்து நீயே ஒருமுறை சரிபார். சர்டிஃபிகேட் கைக்கு வந்ததும் வெளியே வந்து காரில் உட்கார்ந்து படிக்காதே. கவுன்ட்டரிலேயே நின்று படி. உன் பெயர், அவர் பெயர், இரண்டு அப்பாக்கள் பெயர், திருமணத் தேதி, பிறந்த தேதி.

பத்திரிகையும் அங்கே ஓர் ஆவணம்தான். அதில் 'செல்வி கவிதாஆ, பி.இ.' என்று நியூமராலஜி ஸ்பெல்லிங் இருந்தால் சார்பதிவாளரே கேள்வி கேட்கலாம். நியூமராலஜியில் நம்பிக்கை உள்ளவர்கள் அந்த எழுத்தை வாட்ஸ்அப் டிபியில் வைத்துக்கொள்ளட்டும், பத்திரிகையில் வேண்டாம்.

வளைகுடாவுக்குப் போகிறவள் சர்டிஃபிகேட்டை அட்டெஸ்ட் செய்ய வேண்டியிருக்கும். அட்டெஸ்டேஷன் முழுவதும் முடிந்தபிறகு பிழை கண்டுபிடித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இதைவிட அழுகை வரவழைக்கிற விஷயம் ஒன்று இருக்கிறதா என்ன!

பிறப்புச் சான்று எங்கே?

கிரீன் கார்டு வரிசையில் போகிறவளுக்கு இது கட்டாயம் வேண்டும். இரண்டு இடத்தில் சிக்குவார்கள். ஒன்று, 80, 90-களில் பிறந்த பலருடைய சான்றில் குழந்தையின் பெயர் இருக்கும் இடம் காலி. பெயர் வைப்பதற்கு முன்னாலேயே பிறப்பைப் பதிந்துவிட்டார்கள், பிறகு போய்ச் சேர்க்க யாருக்கும் தோன்றவில்லை. பதினைந்து வருடத்துக்குள் சேர்க்கலாம் என்பது விதி. பழைய பதிவுகளுக்கு அரசு அவ்வப்போது அவகாசம் நீட்டித்திருக்கிறது, அதனால் விசாரிக்காமல் கைவிடாதே.

இரண்டாவது, எங்கே போய்க் கேட்பது? பிறப்பு பதிவாவது பிறந்த இடத்தில்தான், வளர்ந்த இடத்தில் அல்ல. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்ற வழக்கத்தால், தாம்பரத்திலேயே வளர்ந்த பெண்ணின் சான்று திண்டிவனத்திலோ மதுரையிலோ இருக்கும். இங்கேயே பிறந்தவர்களுக்கும் ஒரு மாற்றம்: 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் நகராட்சிகளும், சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்கரணை, திருநீர்மலை பேரூராட்சிகளும் ஒன்றாகித் தாம்பரம் மாநகராட்சி ஆகிவிட்டன. பழைய பல்லாவரம் நகராட்சிச் சான்றைத் தேடுகிறவள் போகவேண்டியது மாநகராட்சிக்கு.

இதோடு மாவட்டமும் மாறியிருக்கிறது. 2019 நவம்பரில் செங்கல்பட்டு தனி மாவட்டமானது. உன் பழைய காகிதத்தில் 'காஞ்சிபுரம் மாவட்டம்', புதுசில் 'செங்கல்பட்டு மாவட்டம்'. இது பிழையில்லை, இரண்டும் உண்மை. யாராவது கேட்டால் மாவட்டம் பிரிந்ததைச் சொன்னால் போதும்.

போய் இறங்கியதும்

அமெரிக்கா என்றால், ஏர்போர்ட்டில் இறங்கிய உடனே செய்யவேண்டிய வேலை ஒன்று: இணையத்தில் உன் ஐ-94 வருகைப் பதிவை எடுத்துப் பார். சர்நேமும் முதல் பெயரும் இடம் மாறியிருக்கலாம், பிறந்த தேதி தப்பாக இருக்கலாம், விசா வகை தப்பாக இருக்கலாம். தவறு இருந்தால் சுங்கத்துறையின் 'டெஃபர்ட் இன்ஸ்பெக்‌ஷன்' அலுவலகத்தில் திருத்திக்கொள். சோஷியல் செக்யூரிட்டி ஆபீசும் லைசென்ஸ் ஆபீசும் அரசாங்கக் கணினியில் உன் பதிவைத் தேடித்தான் சரிபார்க்கின்றன. அங்கே உன் பெயர் சிக்காவிட்டால் 'தபாலில் வரும்' என்று அனுப்பிவிடுவார்கள், வாரக்கணக்கில் எதுவும் வராது. அந்தப் பதிவு ஏற நேரம் பிடிக்கும் என்பதால்தான் சோஷியல் செக்யூரிட்டி எண்ணுக்கு பத்து நாள் பொறுத்துப் போகச் சொல்கிறார்கள்.

எச்-4 டிபென்டென்ட் விசாவில் போகிறவளுக்கு வேலை அனுமதி இல்லாமல் அந்த எண் கிடைக்காது என்பதையும் தெரிந்து வைத்துக்கொள். கவுன்ட்டரில் போய் மனம் கலங்காதே. எல்-2 டிபென்டென்ட் விசாப் பெண்களுக்கு 2022 ஜனவரி கடைசியிலிருந்து ஐ-94-ல் 'எல்-2எஸ்' என்று வருகிறது, அது இருந்தால் வேலைக்குத் தனி அட்டை தேவையில்லை. 'எஸ்' இல்லாமல் வெறும் 'எல்-2' என்று இருந்தால் முதல் நாளே திருத்து.

இங்கே இருக்கும் காகிதங்களில் ஆதாரைக் கடைசியில் தொடலாம். அதில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். ஸ்பெல்லிங் திருத்த ஒன்று, கல்யாணத்துக்கு ஒன்று என்று செலவழித்துவிட்டால், நாளை நிஜமாகவே தேவைப்படும்போது அலையவேண்டும். முகவரியை மட்டும் மாற்றிக்கொள், அதற்கு அந்த வரம்பு இல்லை. பான் கார்டிலும் கல்யாணத்துக்குப் பிறகு அப்பா பெயர்தான் இருக்கும், அதைத் தொடவே வேண்டாம். மார்க் ஷீட்டில் இனிஷியலும் பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் இருப்பதற்கு, இரண்டும் ஒரே ஆள்தான் என்று நோட்டரியிடம் ஓர் அஃபிடவிட் எடுத்து ஃபைலில் வைத்துக்கொள். மேற்படிப்புக்கு டிகிரியை மதிப்பிடச் சொல்லும்போது உதவும்.

மாப்பிள்ளைக்கு லீவு பொதுவாக மூன்று வாரம். திருமணப் பதிவுக்கு இருவரும் சாட்சிகளோடு நேரில் போகவேண்டும். தேனிலவு டிக்கெட் போடுமுன் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அப்பாயின்ட்மென்ட் போட்டுவிடு, தங்கச்சி. அவர் திரும்பிப் போனபிறகும் 90 நாள் கணக்கு நிற்காமல் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.