விசா பயமா? வக்கீல் இருக்கிறார்!

நான் திருநங்கை. அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் எம்.எஸ். படிக்கிறேன். பெயர் மாற்ற வேண்டும். ஊர் திரும்பவும் பயமாக இருக்கிறது. கையில் காசு குறைவு. எந்த வக்கீலை நம்பிப் பேசுவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

வழி இருக்கிறது சகோதரி, தைரியமாக இருங்கள். முதலில் உங்கள் பல்கலைக்கழகத்தில் மாணவர் சட்ட உதவி மையம் உண்டா என்று விசாரியுங்கள். பல இடங்களில் ஆலோசனை இலவசம். குடியேற்ற வழக்குகளை அவர்கள் எடுக்காவிட்டாலும், எடுப்பவர்களைக் கைகாட்டுவார்கள். சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு ஐ-20 (மாணவர் தகுதிச் சான்றிதழ்) வேலைகளுக்கு மட்டும் போங்கள். மனதில் உள்ள பயத்தை வக்கீலிடம் சொல்லுங்கள். ரகசியம் காக்கும் சட்டக் கடமை அவருக்குத்தான் உண்டு. ஐ-20-இல் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி இருக்க வேண்டும் என்பதால், பெயர் மாற்றத்தைப் பாஸ்போர்ட்டிலிருந்தே தொடங்குங்கள்.

நியூயார்க்கின் ‘இமிக்ரேஷன் ஈக்வாலிட்டி’ ஊர் திரும்ப அஞ்சும் உங்களைப் போன்றவர்களின் அடைக்கல (அசைலம்) வழக்குகளை இலவசமாக நடத்தித் தரும் அமைப்பு. அடைக்கல மனுவைப் பொதுவாக வந்திறங்கிய 1 ஆண்டுக்குள் போட வேண்டும். அதைத் தாண்டியிருந்தாலும் மனம் தளராதீர்கள். சட்டபூர்வ மாணவர் அந்தஸ்து நடப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு கிடைக்க வாய்ப்புண்டு. வக்கீலிடம் முதலில் இதைக் கேளுங்கள். அமெரிக்காவில் நோட்டரி என்பவர் வக்கீல் அல்ல. அவரை நம்பிப் பணம் கட்டாதீர்கள். பாஸ்போர்ட், ஐ-20, ஐ-94 (வருகைப் பதிவு) நகல்களை எடுத்துவைத்து இன்றே வக்கீலைத் தொடர்புகொள்ளுங்கள்.