1968இல் நின்று ஒரு விவாதம்

வியட்நாம் போர்ப் பாடத்தில், ‘அமெரிக்கா படைகளைத் திரும்பப் பெற்றது சரியா?’ என்று கேட்டால் வகுப்பே ‘சரி’ என்கிறது. முடிவு தெரிந்தபின் விவாதம் ஏது? எனவே 1975ஐச் சொல்லாமல், வகுப்பை 1968 பிப்ரவரியில் நிறுத்துங்கள்.

கரும்பலகையில் எழுதுங்கள்: 1964இல் படைபலத்தைப் பயன்படுத்த அனுமதித்த தீர்மானத்தை செனட்டில் எதிர்த்தவர்கள் இருவரே. இப்போது அங்கே ஏறத்தாழ 5 இலட்சம் அமெரிக்க வீரர்கள். டெட் புத்தாண்டுத் தாக்குதல் முறியடிக்கப்பட்டது. ஆனால் ‘வெற்றி நெருங்குகிறது’ என்ற அரசின் பேச்சில் மக்களின் நம்பிக்கை ஆட்டம் கண்டுவிட்டது.

ஒரு குழு விலகச் சொல்லியும் மற்றொன்று நீடிக்கச் சொல்லியும் அதிபர் ஜான்சனுக்குக் கடிதம் எழுதட்டும். ‘இறந்தவர்களின் தியாகம் வீணாகுமே’ என்ற வாதம் தவறாமல் வரும். எனக்கு அது வலுவற்றதாகவே படுகிறது. ஆனாலும் மறுக்கும் வேலையை மாணவர்களிடமே விடுங்கள். ‘நம்மை நம்பிய தென்வியட்நாமியர் கதி என்ன?’ என்பது அப்படியன்று. யாரும் கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள்.

மீதியை அடுத்த பாடவேளையில் சொல்லலாம். கடைசிப் போர்ப்படைகள் வெளியேறியது 1973 மார்ச்சில். இறந்த 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்களில் 20,000 பேருக்கு மேல் 1968க்குப் பின் இறந்தவர்கள். வியட்நாமியர் பல இலட்சம். 1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. பின்னர் இலட்சக்கணக்கானோர் படகேறித் தப்பினர். இவ்வளவும் கேட்டபின், விரும்புவோர் தம் கடிதத்தைத் திருத்தி எழுதட்டும்.