முதல் ஹெலிகாப்டர் வாங்கப் போகிறீர்களா?

மாணவர்களே, ஆண்டிறுதி விடுமுறை நெருங்குகிறது. தீபாவளிக்குப் பெரியவர்கள் கொடுத்த பணத்தைச் செலவழிக்காமல் சேர்த்து வைத்திருக்கிறீர்கள். தொலைக்கட்டுப்பாட்டில் பறக்கும் ஹெலிகாப்டர் வாங்க வேண்டும் என்பது உங்கள் நெடுநாள் ஆசை. கடைக்குப் போகிறீர்கள். அலமாரியில் மூன்று ஹெலிகாப்டர்கள் இருக்கின்றன.

‘அ’: உள்ளங்கையைவிடச் சற்றே பெரியது. ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு சுழலிகள். எடை 30 கிராம்.

‘ஆ’: ஏறக்குறைய அதே அளவு. மேலே ஒரே சுழலி. வாலில் ஒரு குட்டிச் சுழலி.

‘இ’: ஒரு கை நீளம். ஒரே பெரிய சுழலி. அதன் அடியில் கம்பிகளும் நெம்புகோல்களும். ‘தலைகீழாகவும் பறக்கும்’ என்று பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள்.

கை தானாக ‘இ’யை நோக்கிப் போகும். ஆனால் முதன்முதலாகப் பறக்கவிடுபவர் கையில் ‘இ’ சில விநாடிகளுக்குமேல் அந்தரத்தில் நிற்பது அரிது. பிறகு உடைந்த இறக்கை, வளைந்த தண்டு, தேய்ந்த பல்சக்கரம், தீர்ந்துபோன பணம். எதை வாங்கலாம் என்பதற்கு விற்பனையாளரைவிட உங்கள் இயற்பியல் பாடம் நல்ல பதில் சொல்லும். வாருங்கள், பார்ப்போம்.

உடம்பு ஏன் சுற்றுகிறது?

சுழலும் நாற்காலியில் அமர்ந்து, கால்களைத் தரையிலிருந்து தூக்கிக்கொள்ளுங்கள். கைகளை நீட்டி உடம்பின் மேற்பகுதியை வேகமாக வலப்பக்கம் திருப்புங்கள். நாற்காலி இடப்பக்கம் திரும்பும். நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான்: ஒவ்வொரு விசைக்கும் அதற்குச் சமமான எதிர்விசை உண்டு.

ஹெலிகாப்டரிலும் இதுவே நடக்கிறது. மோட்டார் சுழலியை ஒரு திசையில் முறுக்கினால், ஹெலிகாப்டரின் உடல் எதிர்த்திசையில் முறுக்கப்படும். இதைத் தடுக்காவிட்டால் உடல் பம்பரம்போலச் சுற்றும்.

தடுக்க இரண்டு முக்கிய வழிகள் உண்டு. முதல் வழி, வாலில் ஒரு சிறு சுழலியைப் பொருத்திப் பக்கவாட்டில் தள்ளுவது. இகோர் சிகோர்ஸ்கி வடிவமைத்த விஎஸ்-300 ஹெலிகாப்டர் 1939ஆம் ஆண்டு செப்டம்பரில் முதன்முதலாகத் தரையைவிட்டு எழுந்தது. ஒரு பெரிய சுழலி, வாலில் ஒரு சிறிய சுழலி என்ற அமைப்பு பிறகு உலகெங்கும் பரவியது. ‘ஆ’, ‘இ’ இரண்டும் இந்த வகைதான்.

இரண்டாம் வழி, எதிரெதிர்த் திசைகளில் சுற்றும் இரண்டு பெரிய சுழலிகளைப் பொருத்துவது. ஒன்றின் முறுக்கை மற்றது ஈடுசெய்துவிடும். தேசிய தின அணிவகுப்பில் நமது கொடியைச் சுமந்து பறக்கும் சினூக் ஹெலிகாப்டரை அடுத்த முறை கவனியுங்கள். முன்னே ஒன்று, பின்னே ஒன்று என இரண்டு பெரிய சுழலிகள் இருக்கும். வால் சுழலி இருக்காது. ‘அ’வில் அந்த இரண்டும் ஒரே அச்சில் மேலும் கீழுமாக இருக்கின்றன. இதை இணையச்சு அமைப்பு என்று சொல்லலாம்.

‘அ’வை எப்படித் திருப்புவது? ஒரு சுழலியின் வேகத்தைச் சற்றுக் கூட்டி, மற்றதன் வேகத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். மொத்தத் தூக்குவிசை ஏறக்குறைய மாறாது, முறுக்குவிசைகள் மட்டும் சமநிலை இழக்கும், உடல் திரும்பும்.

‘அ’ தானாக நிமிர்வது எப்படி?

‘அ’வின் மேல் சுழலிக்கு அருகில், இரு முனைகளிலும் சிறு எடை பொருத்திய ஒரு தண்டு சுற்றுவதைப் பார்க்கலாம். அது சமநிலைத் தண்டு. வேகமாகச் சுற்றும் பம்பரம் எளிதில் சாய்வதில்லை அல்லவா? அதேபோல, ஹெலிகாப்டரின் உடல் திடீரென்று சாய்ந்தாலும் சமநிலைத் தண்டு தன் பழைய தளத்திலேயே சுற்ற முயலும். அதனுடன் இணைந்த சிறு கம்பி மேல் இறக்கைகளின் கோணத்தை மாற்றி, உடலை மீண்டும் நிமிர்த்தும்.

ஆகவே, பதற்றத்தில் நீங்கள் திசைக்குச்சியை விட்டுவிட்டாலும் ‘அ’ பெரும்பாலும் தானாக நிதானத்துக்கு வந்துவிடும். தொடக்கநிலையில் உங்களுக்கு வேண்டியது இந்தக் குணம்தான். ஆனால் இதற்கு ஒரு விலை உண்டு. தானாக நிமிரும் ஹெலிகாப்டர் மெதுவாகத்தான் செல்லும். காற்று வீசினால் அதை எதிர்த்துப் போகாது, காற்றோடு போய்விடும்.

‘ஆ’ இன்னும் சுறுசுறுப்பானது. ஆனால் அதன் வால் சுழலி தள்ளும் விசை முழு ஹெலிகாப்டரையும் பக்கவாட்டில் நகர்த்தும். அதைச் சரிசெய்ய, அந்தரத்தில் நிற்கும்போதும் ‘ஆ’ சற்றுச் சாய்ந்தே நிற்க வேண்டியிருக்கும். புதியவர்கள் அதைக் கோளாறு என்று நினைப்பதுண்டு. அது இயற்பியல்.

‘இ’ ஏன் அவ்வளவு கடினம்?

‘அ’, ‘ஆ’ இரண்டிலும் மேலே ஏற வேண்டுமென்றால் சுழலி வேகமாகச் சுற்ற வேண்டும். தூக்குவிசை சுழல்வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறும். அதாவது தூக்குவிசை இருமடங்காக வேண்டுமென்றால், வேகம் சுமார் 1.41 மடங்கு ஆக வேண்டும். சுழலி வேகம்பிடிக்கச் சிறிது நேரமாகும். அதனால் ஹெலிகாப்டர் சற்றுத் தாமதமாகவே பதில் சொல்லும்.

‘இ’யில் சுழலியின் வேகம் ஏறக்குறைய மாறாமல் இருக்கும், இறக்கைகளின் கோணம் மாறும். கோணத்தை மாற்றிய கணத்திலேயே தூக்குவிசை மாறிவிடும். கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பினால் விசையும் எதிர்ப்பக்கம் திரும்பும். தலைகீழாகப் பறக்கும் இரகசியம் இதுதான். தேர்ந்த கைக்கு இது வரம். பழகாத கை ஒரு சென்டிமீட்டர் தவறாக அசைந்தாலும் ஹெலிகாப்டர் தரையில் மோதிவிடும்.

ஆபத்தையும் கணக்கிட்டுப் பார்ப்போம். ‘இ’யின் சுழலி விட்டம் 70 சென்டிமீட்டர், வேகம் நிமிடத்துக்கு 2,400 சுற்று என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு 40 சுற்று. இறக்கை நுனியின் வேகம் = 2 × 3.14 × 0.35 × 40. விடை, விநாடிக்குச் சுமார் 88 மீட்டர். மணிக்கு 300 கிலோமீட்டருக்கும் அதிகம்! இது வரவேற்பறையில் சுற்றவேண்டிய பொருள் அன்று.

பெட்டியில் இருப்பதைப் படியுங்கள்

சேனல் எண்ணிக்கை: நீங்கள் தனித்தனியாகக் கட்டுப்படுத்தக்கூடிய அசைவுகள் எத்தனை என்பதையே இது சொல்கிறது. 3 சேனல் என்றால் ஏறுதல் இறங்குதல், இடம் வலம் திரும்புதல், முன்னே பின்னே செல்லுதல். 4 சேனலில் பக்கவாட்டில் நகர்தலும் சேரும். 6 சேனலில் இறக்கைக் கோணம் போன்றவையும் வந்துவிடும். சில பெட்டிகளில் ‘3.5 சேனல்’ என்று இருக்கும். அரை அசைவு என்று ஒன்று கிடையாது. அது விளம்பரச் சொல். உண்மையாகப் பறக்கக் கற்க விரும்பினால் 4 சேனல் உள்ளதைத் தேடுங்கள்.

சமிக்ஞை: மலிவானவற்றில் அகச்சிவப்புக் கதிர் பயன்படுகிறது, வீட்டுத் தொலைக்காட்சி ரிமோட்டைப் போல. இடையில் ஆள் வந்தால் சமிக்ஞை தடைபடும், வெயிலிலும் திணறும். 2.4 கிகாஹெர்ட்ஸ் வானொலி அலையில் இயங்குவதே நல்லது. அந்த அலையின் நீளம் 12.5 சென்டிமீட்டர். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்து நீங்களே சரிபாருங்கள்.

கைரோ: உடல் திரும்பும் வேகத்தை உணரும் சிறு சில்லு. உங்கள் திறன்பேசியிலும் இது உண்டு. ‘6 அச்சு’ என்று இருந்தால் முடுக்கத்தை உணரும் கருவியும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். இத்தகைய மின்னணு உதவி இருந்தால் ‘ஆ’ வகையும் தொடக்கநிலையினருக்கு ஏற்றதே. அந்த உதவியைப் பின்னர் அணைத்துவைக்க வசதி இருக்கிறதா என்று கேளுங்கள். அப்போதுதான் அதே ஹெலிகாப்டரில் அடுத்த பாடத்தையும் கற்கலாம்.

உதிரிப்பாகம்: இது மிக முக்கியம். இறக்கை, சமநிலைத் தண்டு, பல்சக்கரம், பேட்டரி ஆகியவை தனித்தனியாகக் கிடைக்குமா? கிடைக்காது என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்காதீர்கள். விழாமல் யாரும் பறக்கக் கற்றதில்லை. கையிலுள்ள பணத்தில் ஏறக்குறைய கால் பங்கை உதிரி இறக்கைகளுக்கும் இரண்டாவது பேட்டரிக்கும் ஒதுக்கிவையுங்கள்.

ஐந்து நிமிடக் கணக்கு

‘அ’வின் பேட்டரியில் 3.7 வோல்ட், 150 மில்லிஆம்பியர்-மணி என்று எழுதியிருக்கிறது. பறக்கும்போது சராசரியாக 1.5 ஆம்பியர் எடுத்துக்கொள்கிறது என்போம். 0.15 ÷ 1.5 = 0.1 மணி, அதாவது 6 நிமிடம். ஆனால் லித்தியம் பாலிமர் பேட்டரியை முழுவதும் காலிசெய்தால் அது கெட்டுவிடும். 80 விழுக்காடு மட்டும் பயன்படுத்தினால் சுமார் 5 நிமிடம் கிடைக்கும். மீண்டும் மின்னேற்ற ஒரு மணி நேரம்வரை ஆகலாம். இரண்டாவது பேட்டரி ஏன் வேண்டும் என்று இப்போது புரிகிறதா?

இன்னொரு வியப்பு. அந்தப் பேட்டரியில் உள்ள ஆற்றல் 3.7 × 0.15 × 3600, அதாவது ஏறக்குறைய 2,000 ஜூல். 30 கிராம் எடையை நேராக 6 கிலோமீட்டருக்கும் மேலே தூக்க அது போதும்! அப்படியிருந்தும் ஐந்து நிமிடம் இடுப்பளவு உயரத்தில் நின்றதற்கே தீர்ந்துபோகிறது. ஏன்? அந்தரத்தில் நிற்க ஹெலிகாப்டர் காற்றை இடைவிடாமல் கீழே தள்ள வேண்டும். ஆற்றலில் பெரும்பங்கு அந்தக் காற்றின் இயக்க ஆற்றலாகவும் மோட்டாரின் வெப்பமாகவும் போய்விடுகிறது.

பறந்து முடித்த பேட்டரி ஆறிய பிறகே மின்னேற்றுங்கள். மின்னேற்றும்போது அருகிலேயே இருங்கள். தூங்கப் போகும்போது செருகிவிட்டுப் போகாதீர்கள். உப்பிப்போன பேட்டரி தீப்பிடிக்கக்கூடும். அதை மீண்டும் பயன்படுத்தாதீர்கள், வீட்டுக் குப்பையிலும் போடாதீர்கள். பெரியவரிடம் காட்டி, முறையாக அப்புறப்படுத்தச் சொல்லுங்கள்.

எங்கே பறக்கவிடலாம்?

வீவக வீட்டின் வரவேற்பறை ‘அ’வுக்குப் போதும். மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் அணைத்துவிடுங்கள், சன்னல்களை மூடுங்கள், தம்பி தங்கைகளையும் பூனையையும் வேறு அறைக்கு அனுப்புங்கள். பொதுத் தாழ்வாரத்தில் பறக்கவிடவே கூடாது. பத்தாவது மாடியிலிருந்து விழும் 30 கிராம் பொருள்கூட ஒருவரைக் காயப்படுத்தும்.

வெளியே பறக்கவிட நினைத்தால் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். சிங்கப்பூரில் 250 கிராமுக்குமேல் எடையுள்ள ஆளில்லா வானூர்திகளைச் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவுசெய்ய வேண்டும். பதிவுசெய்பவருக்கு 16 வயதாவது ஆகியிருக்க வேண்டும். எடை குறைவாக இருந்தாலும், விமான நிலையங்கள், ஆகாயப்படைத் தளங்களிலிருந்து 5 கிலோமீட்டர் தொலைவுக்குள்ளோ கடல்மட்டத்திலிருந்து 61 மீட்டர் உயரத்துக்கு மேலோ அனுமதியின்றிப் பறக்கவிடக் கூடாது. ‘இ’ போன்ற பெரிய ஹெலிகாப்டர்கள் 250 கிராமைத் தாண்டிவிடும். வாங்கிய பிறகு தெரிந்து என்ன பயன்?

முதல் நாள் பாடம்

1. ஹெலிகாப்டரின் வால் உங்களைப் பார்த்தபடி தரையில் வையுங்கள். அதன் இடமும் உங்கள் இடமும் அப்போது ஒன்றாக இருக்கும். மூக்கு உங்களைப் பார்த்தால் இடம் வலம் மாறிவிடும். அந்தப் பாடம் பிறகு.

2. தரையை ஒட்டித் தயங்கி நிற்காதீர்கள். சுழலி தள்ளும் காற்று தரையில் பட்டுத் திரும்பி ஹெலிகாப்டரை வழுக்கச் செய்யும். நிதானமாக, ஆனால் தயங்காமல் இடுப்பளவு உயரத்துக்கு ஏற்றுங்கள்.

3. ஒரே இடத்தில் பத்து விநாடி நிறுத்தப் பழகுங்கள். பிறகு முப்பது விநாடி. சிறு சிறு அசைவுகள் போதும்.

4. எதிலாவது மோதப்போகிறது என்றால் உடனே ஏற்றக் குச்சியை முழுவதும் இறக்குங்கள். தடைபட்ட சுழலியை மோட்டார் தொடர்ந்து முறுக்கினால்தான் பல்சக்கரம் தேயும், மோட்டார் எரியும்.

செவ்வாயில் பறந்த ‘அ’

இணையச்சு ஹெலிகாப்டர் வெறும் விளையாட்டுப் பொருள்தானே என்று யாராவது கேலி செய்தால், அவர்களுக்கு ‘இன்ஜெனுயிட்டி’யின் கதையைச் சொல்லுங்கள். 2021ஆம் ஆண்டு ஏப்ரல் 19ஆம் தேதி செவ்வாய்க் கோளில் அது 3 மீட்டர் உயரம் எழுந்து, 39 விநாடி பறந்து இறங்கியது. வேறொரு கோளில் இயந்திர விசையால் கட்டுப்பாட்டுடன் பறந்த முதல் வானூர்தி அது. எடை 1.8 கிலோகிராம். எதிரெதிராகச் சுற்றும் இரண்டு சுழலிகள், ஒன்றன்மேல் ஒன்றாக! அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம், சென்னை ஐஐடியில் படித்தவர்.

அங்கே காற்றின் அடர்த்தி பூமியில் உள்ளதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்குதான். பூமியிலிருந்து குச்சியை அசைத்து ஓட்டவும் முடியாது. சமிக்ஞை போய்ச்சேரவே பல நிமிடமாகும். ஆகவே அது உணர்கருவிகளின் துணையோடு தானே சமநிலை காத்தது. முதலில் சிறிது உயரம், சிறிது நேரம், ஒரே இடத்தில் நிற்றல். அதன் முதல் நாள் பாடமும் உங்கள் முதல் நாள் பாடமும் ஒன்றுதான். பின்னர் 2024 சனவரிவரை அது மொத்தம் 72 முறை பறந்தது.

ஆகவே, மாணவர்களே, 4 சேனல், 2.4 கிகாஹெர்ட்ஸ், உதிரிப்பாகம் கிடைக்கும் ‘அ’வில் தொடங்குங்கள். முப்பது விநாடி அசையாமல் நிறுத்தவும், மூக்கு உங்களைப் பார்த்தபடி பறக்கவிடவும் வந்துவிட்டால் ‘ஆ’வுக்குப் போகலாம். ‘இ’ அலமாரியிலேயே இருக்கட்டும். கணினிப் பாவனைப் பயிற்சியில் அதை நூறு முறை இலவசமாக உடைத்துப் பழகிய பிறகு, அனுபவமுள்ள ஒருவரின் துணையோடு திறந்தவெளியில் அதைச் சந்திக்கலாம்.

சிந்தித்து விடை காணுங்கள்

1. ‘ஆ’ பறந்துகொண்டிருக்கும்போது வால் சுழலி மட்டும் நின்றுவிட்டால் என்ன நடக்கும்?

2. 300 மில்லிஆம்பியர்-மணி பேட்டரியைப் பொருத்தினால் ‘அ’ இருமடங்கு நேரம் பறக்குமா?

விடைகள்: 1. பெரிய சுழலி சுற்றும் திசைக்கு எதிராக உடல் சுற்றத் தொடங்கும். 2. பறக்காது. பெரிய பேட்டரியின் எடையும் கூடுதல். அதைத் தாங்க அதிக மின்னோட்டம் தேவை. எனவே இருமடங்குக்குக் குறைவாகவே கிடைக்கும்.