வெளிநாடு போக முடிவெடுக்குமுன்

2022 செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 70 சதவீதத்தை நெருங்கியபோது, இலங்கையில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: போவதா, இருப்பதா?

உங்களைத் துரத்துவது விலைவாசியா, அரசின் கெடுபிடியா என்று முதலில் பிரித்துப் பாருங்கள். விசாரணை, கண்காணிப்பு என்று பயம் இருந்தால் கணக்குப் பார்க்க நேரமில்லை. நல்ல சட்டத்தரணியிடம் போங்கள். விலைவாசிதான் என்றால், டொலர்ச் சம்பளத்தை ரூபாயில் பெருக்கி மயங்காதீர்கள். டொரொன்டோவில் வாடகை, குளிருடுப்பு, பிள்ளைப் பராமரிப்பு எல்லாமே டொலரில்தான். மாதமுடிவில் கையில் மிஞ்சுவதை எழுதிப் பாருங்கள்.

வேலை முகவரிடம் காசு கொடுக்குமுன் அவரது உரிமத்தை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் விசாரியுங்கள். நிரந்தரமாகக் குடிபெயர்வோர் உரிய சான்றோடு ஊழியர் சேமலாப நிதியை எடுக்கலாம். காணியை மட்டும் அவசரப்பட்டு விற்காதீர்கள்; நம்பிக்கையானவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள்.