கம்ப்யூட்டர் கூப்பிடாத நேரம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்களுக்கு அதை எப்படி இயக்குவது என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். எப்போது தள்ளி வைப்பது என்று யாரும் சொல்லித்தருவதில்லை. ‘தினமும் கொஞ்ச நேரம் ஓய்வு எடுங்கள்’ என்ற அறிவுரை மட்டும் கிடைக்கும். மன உறுதியை மட்டும் நம்பினால் அது இரண்டு நாள்தான் நீடிக்கும். அந்த ஓய்வை செட்டிங்ஸிலேயே அமைத்துவிடுவது எப்படி என்று இங்கே பார்ப்போம்.

இன்டரப்ட் என்றால் என்ன?

கல்லூரியில் எங்களுக்கு 8085 பிராசஸரை வைத்துத்தான் பாடம் நடத்தினார்கள். 1976-ல் இன்டெல் வெளியிட்டது அது. பிராசஸர் ஒரு வேலையில் இருக்கும்போது வேறொரு சாதனம் ‘என்னைக் கவனி’ என்று சிக்னல் அனுப்பும். இதற்கு இன்டரப்ட் என்று பெயர். பிராசஸர் உடனே தான் வேலையை விட்ட இடத்தை ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் குறித்துக்கொள்ளும். வந்த வேலையை முடித்ததும் விட்ட இடத்துக்கே சரியாகத் திரும்பிவிடும்.

திரையின் மூலையில் எட்டிப் பார்க்கும் நோட்டிஃபிகேஷனும் ஒரு இன்டரப்ட்தான். ஆனால் அது குறுக்கிடுவது உங்களிடம். நமக்கு அப்படி ஒரு ஸ்டாக் கிடையாது. படித்த பக்கமோ, பேசிய பேச்சோ, கண்ணைச் சுற்றிய தூக்கமோ விட்ட இடத்திலிருந்து அப்படியே தொடர்வதில்லை.

8085-ல் இதற்கு வழி உண்டு. ‘டிஐ’ என்று கட்டளை கொடுத்தால் இன்டரப்ட்களை அது கண்டுகொள்ளாது. ‘ஈஐ’ கொடுத்தால் மறுபடி கவனிக்கும். ‘ட்ராப்’ என்ற ஒன்றை மட்டும் டிஐ தடுக்காது. மின்சாரம் தடைபடுவது போன்ற அவசரத்துக்காக ஒதுக்கப்பட்டது அது.

எது ட்ராப்?

என் அக்கா சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் எந்த நேரத்தில் கூப்பிடுவாளோ என்று அம்மா மொபைலைத் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து பார்ப்பார். பாதிக்குமேல் தள்ளுபடி விளம்பரமாகத்தான் இருக்கும். அக்காவின் அழைப்பு ட்ராப். விளம்பரம் அப்படி அல்ல. இரண்டையும் பிரித்து செட் செய்து கொடுத்தேன். இப்போது அம்மா இரவில் எழுவதில்லை.

விண்டோஸ் 11-ல்

1. ஸ்டார்ட் பட்டனை கிளிக் செய்து செட்டிங்ஸ், சிஸ்டம், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகச் செல்லுங்கள்.

2. ‘டு நாட் டிஸ்டர்ப்’ சுவிட்சை ஆன் செய்தால் செய்திகள் திரையில் எட்டிப் பார்க்காது. அவை அழிந்துவிடாது, நோட்டிஃபிகேஷன் சென்டரில் சேர்ந்திருக்கும்.

3. தினமும் தானாக நடக்க, அதன் கீழே உள்ள ‘டர்ன் ஆன் டு நாட் டிஸ்டர்ப் ஆட்டோமேட்டிக்கலி’ பகுதியில் நேரத்தைக் கொடுங்கள். உதாரணமாக, இரவு 8 முதல் காலை 7 வரை.

ஆண்ட்ராய்டு மொபைலில்

1. கான்டாக்ட்ஸில் மிக வேண்டியவர்களின் பெயருக்கு நட்சத்திரக் குறி இடுங்கள். நாலைந்து பேர் போதும்.

2. செட்டிங்ஸில் ‘டு நாட் டிஸ்டர்ப்’ பகுதிக்குச் சென்று, நட்சத்திரக் குறி உள்ளவர்களின் அழைப்பை மட்டும் அனுமதியுங்கள். மொபைல் கம்பெனியைப் பொறுத்து மெனுவின் பெயரும் இடமும் சற்று மாறலாம்.

3. அங்கேயே ‘ரிப்பீட் காலர்ஸ்’ இருக்கும். அதை ஆன் செய்தால், ஒரே நபர் 15 நிமிடத்துக்குள் இரண்டாவது முறை அழைக்கும்போது மணி அடிக்கும். அவசரம் தவறிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

கண்ணுக்கும் ஓய்வு

திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைகிறது. அதனால் கண் உலர்ந்து எரிகிறது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடி தள்ளி இருக்கும் ஏதாவது ஒன்றை 20 விநாடி பாருங்கள். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் தெரிந்தால் போதும்.

முதலில் சாப்பாட்டு நேரம் ஒன்றுக்கு மட்டும் டிஐ கொடுத்துப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து, அந்த நேரத்தில் உண்மையிலேயே அவசரமாக எத்தனை செய்தி வந்தது என்று எண்ணிப் பாருங்கள். இரவு முழுவதும் நீட்டிக்கலாமா என்பதை அந்த எண்ணிக்கையே உங்களுக்குச் சொல்லிவிடும்.