லினக்ஸ் கணினியில் பேஜ்மேக்கர் பாடம்

பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பேஜ்மேக்கர் இருக்கிறது. அடோபி நிறுவனம் 2001இல் வெளியிட்ட 7.0 பதிப்போடு அந்த மென்பொருளின் வளர்ச்சி நின்றுவிட்டது. லினக்ஸுக்கு அது வந்ததே இல்லை. லினக்ஸ் மட்டுமே உள்ள ஆய்வகத்தில் இப்பாடத்தை எடுக்கும் ஆசிரியர் என்ன செய்வார்? மெனுவைக் கரும்பலகையில் வரைந்து காட்டுவார். மாணவர்கள் மனப்பாடம் செய்வார்கள். அருகிலேயே நல்ல கணினிகள் சும்மா நிற்கும்.

லினக்ஸ் நமக்குப் புதிதல்ல. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் 2007இல் வந்தது. 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் ஒரே கணினியில் வந்தன. ஆனால் அம்முறையில் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் திறக்க முடியும். மற்றொன்று வேண்டுமென்றால் கணினியை அணைத்துத் திரும்பத் தொடங்க வேண்டும். நாற்பது நிமிடப் பாடவேளையில் இது எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்பது ஆய்வகம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

மெய்நிகர் இயந்திரம் என்பது வேறு ஏற்பாடு. ஒரு வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்கு விடுவதைப் போன்றது. வீட்டுக்காரர் லினக்ஸ், குடித்தனக்காரர் விண்டோஸ். இருவரும் ஒரே நேரத்தில் புழங்குவார்கள். குடித்தனக்காரருக்குத் தனிச் சமையலறை, தனிக் கதவு. அந்தப் பகுதியில் எது உடைந்தாலும் வீட்டுக்காரரின் கூடத்துக்குச் சேதமில்லை. விண்டோஸ் ஒரு சாளரத்துக்குள் இயங்கும். தனக்கென ஒரு கணினி இருப்பதாகவே அது எண்ணிக்கொள்ளும். இதற்கு விர்ச்சுவல்பாக்ஸ் எளிதானது. ஜெர்மனியின் இன்னோடெக் நிறுவனம் 2007இல் இதைத் திறந்த மூலமாக வெளியிட்டது. இன்று ஆரக்கிள் வசம் உள்ளது. அடிப்படை மென்பொருளுக்குக் கட்டணமில்லை.

ஆனால் எடுத்த எடுப்பிலேயே இதை நிறுவ வேண்டியதில்லை. சங்கதி என்னவென்று முதலில் பாருங்கள். பழைய பேஜ்மேக்கர் கோப்பைத் திறந்து படிப்பது மட்டுமே தேவையென்றால் லிபர்ஆபிஸ் டிராவே பெரும்பாலும் போதும். பக்க அமைப்பு கொஞ்சம் நகரலாம், அவ்வளவுதான். வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய வினாத்தாள் என்றால், அந்த எழுத்துருக் கோப்பை லினக்ஸிலேயே நிறுவிப் படிக்கலாம். புதிதாகத் தட்டச்சு செய்ய தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் கிடைக்கிறது. 2010இல் தமிழ்நாடு அரசே ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பிறகு, வினாத்தாளுக்காக மட்டும் விண்டோஸைக் கட்டி இழுப்பது தேவையற்ற சுமை என்பது என் கருத்து. வைன் என்ற மென்பொருளும் உண்டு. விண்டோஸ் இல்லாமலே சில விண்டோஸ் செயலிகளை அது ஓட்டும், சில பாதியில் நின்றுவிடும். இவை எதுவும் கைகொடுக்காத இடத்தில்தான், அதாவது மாணவர் கையால் பேஜ்மேக்கரைத் திறந்து பழக வேண்டிய இடத்தில்தான், மெய்நிகர் இயந்திரம் வேண்டும்.

முதலில் கணினியின் பயாஸ் அமைப்பில் மெய்நிகராக்கம் என்ற வசதி இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இன்டெல் கணினியில் அது விடி-எக்ஸ், ஏஎம்டி கணினியில் ஏஎம்டி-வி என்ற பெயரில் இருக்கும். அணைந்திருந்தால் விர்ச்சுவல்பாக்ஸ் பிழைச்செய்தி காட்டி நின்றுவிடும். பலர் இங்கேதான் கைவிட்டுவிடுகிறார்கள்.

அடுத்தது நினைவகப் பங்கீடு. கன்னடியன் கால்வாயில் தண்ணீர் விடும்போது ஆற்றில் கீழே உள்ளவர்களையும் நினைக்க வேண்டும் அல்லவா? 4 ஜிபி உள்ள கணினியில் 32 பிட் விண்டோஸ் 7க்கு ஒன்றரை ஜிபி போதும். மூன்று கொடுத்தால் லினக்ஸ் திணறும். அது திணறினால் உள்ளே இருக்கும் விண்டோஸும் நகராது. வட்டில் 25 ஜிபி ஒதுக்கி, தேவைக்கேற்ப வளரும் வகையைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸுக்கும் பேஜ்மேக்கருக்கும் பள்ளியிடம் உரிமம் இருக்க வேண்டும். கணினியோடு சேர்ந்து வந்த விண்டோஸ் உரிமம் பெரும்பாலும் அந்தக் கணினிக்கே உரியது என்பதையும் கவனியுங்கள். ஹைடெக் ஆய்வகக் கணினிகளில் நாமாக எதையும் நிறுவக் கூடாது. தலைமையாசிரியர் வழியாக முறைப்படி அனுமதி பெறுங்கள்.

விண்டோஸ் 7க்கு மைக்ரோசாஃப்ட் தந்துவந்த பாதுகாப்பு ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. ஆகவே விர்ச்சுவல்பாக்ஸ் அமைப்பில் வலையமைப்பு இணைப்பை எடுத்துவிடுங்கள். பேஜ்மேக்கருக்கு இணையம் எதற்கு? கோப்புகள் போக வர, பகிர்ந்த கோப்புறை ஒன்றை வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கெஸ்ட் அடிஷன்ஸ் என்ற துணைத்தொகுப்பை விண்டோஸுக்குள் நிறுவ வேண்டும். மாணவர் வேலைகள் அந்தக் கோப்புறையில்தான் சேமிக்கப்பட வேண்டும் என்று முதல் வகுப்பிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். காரணம் அடுத்து வருவது.

எல்லாம் சரியாக ஓடத் தொடங்கியதும் ஸ்னாப்ஷாட் எடுங்கள். அன்றைய நிலையை அப்படியே உறைய வைப்பது அது. ஒரு மாணவர் பேஜ்மேக்கரையே நீக்கிவிட்டாலும் கவலையில்லை. ஒரு சொடுக்கில் பழைய நிலைக்குத் திரும்பலாம். செய்முறைப் பயிற்சியில் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே மாதிரியான கணினியைக் கொடுக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் திரும்பும்போது விண்டோஸுக்குள் சேமித்தவை போய்விடும். பகிர்ந்த கோப்புறையில் உள்ளவை இருக்கும்.

நெல்லைக்காரர்களுக்கு இதில் இன்னொரு பயன் உண்டு. 2023 டிசம்பரில் தாமிரபரணி கரை புரண்டபோது நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீடுகளிலும் பள்ளிகளிலும் தண்ணீர் புகுந்தது. நனைந்த கணினியை மாற்றிவிடலாம். அதில் பாடுபட்டு அமைத்ததைத் திரும்ப அமைக்க வாரங்கள் ஆகும். மெய்நிகர் இயந்திரத்தை ஏற்றுமதி செய்தால் அது ஒரே கோப்பாகிவிடும். அதை வேறு கணினியில் இறக்குமதி செய்தால் பேஜ்மேக்கர் உட்பட எல்லாம் அப்படியே திறக்கும். மழைக்காலத்துக்கு முன், அக்டோபர் தொடக்கத்திலேயே ஒரு படி எடுத்து, மாடியில் உள்ள பீரோவில் வையுங்கள். கோப்பு 4 ஜிபியைத் தாண்டினால், ஃபேட்32 வடிவில் உள்ள பென்டிரைவ் ஏற்காது. அதை முதலில் எக்ஸ்ஃபேட் வடிவுக்கு மாற்றிவிட்டுப் படியெடுங்கள்.