தனுஷ்கோடியில் ஒரு பகல்

ராமேசுவரத்திலிருந்து தென்கிழக்கே ஏறத்தாழ 20 கி.மீ. நீளும் மணல் திட்டின் கோடியில் இருக்கிறது தனுஷ்கோடி. இலங்கையின் தலைமன்னார் இங்கிருந்து சுமார் 30 கி.மீ.தான். 1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறந்த பிறகு, சென்னையில் போட் மெயில் ரயிலில் ஏறியவர்கள் இங்கே இறங்கிக் கப்பலில் தலைமன்னார் போய், அங்கிருந்து மறுபடி ரயிலில் கொழும்பு சேர்ந்தார்கள். அந்தத் துறைமுக ஊரை 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் அழித்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலும் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு அலையில் போனது.

2017-இல் திட்டின் கடைசி நுனியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வந்தது. இப்போது பலரும் நேரே முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது தனுஷ்கோடியைப் பார்த்ததாகாது. ஊர் இருந்த இடம் வழியிலேயே இருக்கிறது. அங்கே ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும். கூரை போன தேவாலயத்தின் சுவரை அருகில் போய்ப் பார்த்தால், அது பவளக்கல்லால் கட்டியது என்பது தெரியும். கல்லின் துளைகளும் வரிகளும் உப்புக்காற்றில் அரித்து இன்னும் ஆழமாகியிருக்கின்றன.

அந்த மணலிலேயே மீனவர்கள் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுக்கிறார்கள். மணலில் இறங்கிய மழைநீர் உப்புநீரைவிட லேசானது என்பதால் அதன்மேல் மிதந்து நிற்கிறது. ஆழமாகத் தோண்டினால் உப்பு ஏறிவிடும். அதனால்தான் ஊற்றுகள் ஆழமற்றவை. அடுத்தவர் குடிக்கும் தண்ணீர் அது. அதில் கை கால் கழுவக் கூடாது.

முனையை நோக்கிப் போகையில் இடப்புறம் பாக் நீரிணை, வலப்புறம் மன்னார் வளைகுடா. அமைதியான இடப்புறத்தைப் பெண் கடல் என்றும், சீறும் வலப்புறத்தை ஆண் கடல் என்றும் சொல்வார்கள். வாடைக்காற்று வீசும் மாதங்களில் இது தலைகீழாகும். இடப்புறம் கொந்தளிக்க, வலப்புறம் அடங்கிக் கிடக்கும். இரண்டும் சேருமிடத்தில் நீரோட்டம் ஆளை இழுத்துவிடும் என்பதால், எந்தப் பக்கம் அமைதியாகத் தெரிந்தாலும் முனையில் குளிக்கக் கூடாது.

போக ஏற்ற நேரம் விடிகாலை. ராமேசுவரத்திலிருந்து அரசுப் பேருந்தே போதும். வழியில் நிழல் கிடையாது. தண்ணீரும் தொப்பியும் கட்டாயம். மாலையில் இருட்டும் முன்பே காவலர்கள் எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். முனையில் கைப்பேசி இலங்கைச் சிக்னலைப் பிடிப்பதுண்டு. ரோமிங்கை முன்பே அணைத்துவைத்தால் வீண் செலவில்லை. குளிர்காலத்தில் போகிறவர்கள் கோதண்டராமர் கோயில் பக்கத்து உப்பங்கழியில் பூநாரைகளைத் தேடலாம். கூட்டத்தை நெருங்கினால் எல்லாம் பறந்துவிடும். சாலையிலிருந்தே பார்ப்பது நல்லது.

பசிக்குக் கொட்டகைகளில் அன்று பிடித்த மீனை மசாலா தடவிப் பொரித்துத் தருவார்கள். விலையை முதலிலேயே கேட்டுக்கொள்ளலாம். பவளத் துண்டுகளைக் கடையில் வாங்கவும் வேண்டாம், கரையில் பொறுக்கவும் வேண்டாம். வனவிலங்குச் சட்டப்படி அது குற்றம். தேவாலயச் சுவரிலும் பெயர் கீறாதீர்கள். புயலுக்குத் தப்பி அந்த ஊரில் மிஞ்சியிருப்பவை இந்தச் சில சுவர்கள்தான்.